ஓடும் தரவில் எதை நிறுத்தி வைப்பது?

1986 ஜூன் மாதத்து ‘கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏசிஎம்’ இதழில் ஜான் பென்ட்லியின் பத்தி ஒரு சிறு கணக்கை எடுத்துக்கொண்டது. ஒரு நூலைக் கொடுத்தால், அதில் மிகுதியாக வரும் சொற்களை எண்ணிக்கையோடு இறங்குவரிசையில் தர வேண்டும். டொனால்ட் குனூத் அதற்குப் பல பக்கம் நீளும் நிரலை விளக்கங்களோடு எழுதித் தந்தார். அதை மதிப்பிட்ட டக்ளஸ் மெக்கில்ராய், நிரலின் நேர்த்தியைப் பாராட்டிவிட்டு, கைவசம் இருந்த யூனிக்ஸ் கட்டளைகளை ஆறே வரியில் கோத்து அதே விடையை வாங்கிக் காட்டினார். இருவரில் யார் வழி சரி என்ற வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. அதில் நான் தலையிடப் போவதில்லை. அந்த ஆறு கட்டளைகளுக்கு நடுவே என்ன போகிறது, அதில் எதையாவது எடுத்து வைக்க வேண்டுமா, வைத்தால் என்ன கெடும் என்பதே இங்கே பேச்சு.

வரிசை இதுதான். எழுத்தல்லாத எல்லாவற்றையும் வரிமுறிவாக்கி ஒரு வரிக்கு ஒரு சொல்லாகப் பிரிக்கிறது ‘டீஆர்’. இன்னொரு டீஆர் பெரிய எழுத்துகளைச் சிறிய எழுத்துகளாக்குகிறது. ‘சார்ட்’ வரிசைப்படுத்துகிறது. அடுத்தடுத்து வரும் ஒரே மாதிரி வரிகளை ‘யூனிக்’ எண்ணிச் சுருக்குகிறது. மறுபடி ஒரு சார்ட், இம்முறை எண்ணிக்கையை வைத்து. கடைசியில் ‘செட்’ கேட்ட அளவு வரிகளை மட்டும் விட்டு நிறுத்திக்கொள்கிறது. நடுவில் ஐந்து ‘|’ குறிகள்; ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்கு உள்ளீடாகக் கடத்தும் ‘பைப்’ ஒவ்வொன்றும். விடை திரைக்கு வந்த நொடியில், அந்த ஐந்து இடங்களில் போனவற்றில் ஒரு பைட்டுகூட எங்கும் மிச்சமிருக்காது.

மறப்பதற்காகவே செய்யப்பட்டது

இது குறைபாடு அல்ல. இதற்காகத்தான் பைப்பே வந்தது. நிரல்களைத் தோட்டத்துக் குழாய்போல் ஒன்றோடொன்று திருகி இணைக்க வழி வேண்டும் என்று பெல் ஆய்வகத்தில் மெக்கில்ராய் குறிப்பெழுதியது 1964 அக்டோபரில். கென் தாம்ப்சன் அதை யூனிக்ஸுக்குள் கொண்டுவந்தது 1973இல். அதுவரை ஒரு நிரலின் விளைவை இன்னொன்றுக்குத் தர வேண்டுமானால் கோப்பில் எழுதி, அடுத்ததைப் படிக்கவைத்து, பிறகு கோப்பை அழிக்க வேண்டும். யூனிக்ஸ் குழு முதலில் பயன்படுத்திய பிடிபி-11/20 கணினியில் நினைவகம் 24 கிலோபைட், வட்டு அரை மெகாபைட். அந்த வட்டில் இடைநிலைக் கோப்புகளுக்கு ஒதுக்க இடம் ஏது?

வேடிக்கை என்னவென்றால், ஆறாம் பதிப்பு யூனிக்ஸில் பைப்பும் வட்டில்தான் இருந்தது: பெயரில்லாத ஒரு கோப்பு, அதிகபட்சம் 4,096 பைட். எழுதுபவர் அதை நிரப்பினால் காத்திருப்பார்; படிப்பவர் காலிசெய்தால் தொடர்வார். இன்றைய லினக்ஸில் அது நினைவகத்தில் இருக்கும் தாங்கல், 2.6.11 கெர்னலிலிருந்து அதன் வழக்கமான கொள்ளளவு 65,536 பைட். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்போகும் கோளாறுகள் சிலவற்றுக்கு இதுவே காரணம்.

1983இல் வந்த எம்எஸ்-டாஸ் 2.0 அதே ‘|’ குறியைத் தந்தது. ஆனால் அங்கே ஒரே நேரத்தில் ஒரு நிரல்தான் ஓடும். ஆகவே முதல் நிரல் முழுதாக ஓடி முடிந்து தற்காலிகக் கோப்பில் எழுதும். பிறகுதான் இரண்டாவது தொடங்கும். இடைநிலை வெளியீடு ஒவ்வொரு முறையும் வட்டில் சேமிக்கப்பட்டது, ஒவ்வொரு முறையும் பயனருக்குத் தெரியாமல் அழிக்கப்பட்டது. இரண்டு உலகங்களின் கெட்டதும் ஒன்றாக வாய்த்த ஏற்பாடு.

டீ செய்வதும் கெடுப்பதும்

இடையில் போவதைப் பிடித்துவைக்க யூனிக்ஸ் தந்த விடை ‘டீ’. பிளம்பர் பொருத்தும் டீ போலவே, உள்ளே வருவதை அப்படியே முன்னால் விட்டு, ஒரு படியைக் கோப்பிலும் எழுதும். 1979இல் வெளியான ஏழாம் பதிப்பின் கையேட்டில் இருக்கிறது. இன்றுவரை அதன் வேலையில் பெரிய மாற்றமில்லை. ‘-ஏ’ கொடுத்தால் பழைய கோப்பின் கடைசியில் சேர்க்கும். ‘-ஐ’ கொடுத்தால் பயனர் விசையழுத்தி இடைமறிப்பதைப் பொருட்படுத்தாது. வாங்கியதைத் தேக்கிவைக்காமல் உடனே எழுத வேண்டும் என்று பாஸிக்ஸ் தரவரையறை விதிக்கிறது. இன்று டீயைப் பலரும் அறிவது சூடோவுடன் சேர்த்துக் கணினியின் அமைப்புக் கோப்புகளைத் திருத்தும் ஒரு தந்திரமாக மட்டுமே. அது அதன் பிறவிப் பயன் அல்ல.

எளிய கருவி என்பதால் பாதிப்பற்றது என்று எண்ணிவிடக் கூடாது. வரிசைக்குள் டீயைச் செருகியவுடன் மூன்று விஷயங்கள் மாறுகின்றன.

முதலாவது, வெற்றி தோல்விக் கணக்கு. ஷெல்லைப் பொறுத்தவரை ஒரு வரிசையின் முடிவுநிலை அதன் கடைசிக் கட்டளையின் முடிவுநிலைதான். நிரல் ஒன்றைத் தொகுத்து அதன் பதிவை டீ மூலம் கோப்பில் சேமிக்கிறீர்கள், தொகுப்பு தோற்றுவிடுகிறது, டீயோ தன் வேலையை ஒழுங்காக முடித்துச் சுழியம் என்கிறது. தானியங்கிச் சோதனை பச்சை விளக்கைக் காட்டுகிறது. டீ இல்லாதபோது பிடிபட்டிருக்கும் தோல்வி, ஆவணப்படுத்தப் போய் மறைந்துவிட்டது. வரிசையில் எந்தக் கட்டளை தோற்றாலும் முழு வரிசையையும் தோல்வியாகக் காட்டும் ‘பைப்ஃபெயில்’ அமைப்பே இதற்கு மருந்து; அது கார்ன் ஷெல்லில் இருந்தது. 2004இல் பாஷ் 3.0 அதை ஏற்றது. பாஸிக்ஸ் தரத்துக்குள் வந்தது 2024இல்தான். ஒவ்வொரு கட்டளையின் நிலையையும் தனித்தனியே தரும் ‘பைப்ஸ்டேட்டஸ்’ அணியும் பாஷில் உண்டு.

இரண்டாவது கோளாறு இன்னும் நுட்பமானது. டீக்குப் பின்னால் ‘ஹெட்’ இருக்கிறது என்று கொள்வோம். முதல் பத்து வரி மட்டும் திரைக்கு, முழுவதும் கோப்புக்கு என்பது எண்ணம். ஹெட் பத்து வரி கிடைத்ததும் எழுந்து போய்விடும். படிக்க ஆளில்லாத பைப்பில் எழுதுபவருக்குக் கெர்னல் ‘சிக்பைப்’ என்ற சமிக்ஞையை அனுப்புகிறது. அதன் இயல்பான விளைவு மரணம். டீ அங்கேயே சாகிறது. கோப்பு பாதியில் நிற்கிறது. பிழைச்செய்தி ஏதும் வராது. சிறு கோப்பை வைத்துச் சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்திருக்கும். தரவு 65,536 பைட்டுக்குள் அடங்கினால், ஹெட் போவதற்குள் டீ பெரும்பாலும் முழுவதையும் தள்ளிவிட்டு நிம்மதியாக முடிந்துவிடும். மெய்யான தரவு வரும் நாளில்தான் குட்டு வெளிப்படும். 2015இல் வந்த ஜிஎன்யூ கோர்யூட்டில்ஸ் 8.24 இதற்கென ‘-பி’ விருப்பத்தைச் சேர்த்தது: முன்னால் உள்ள பைப் அறுந்தாலும் கோப்பில் எழுதுவதை நிறுத்தாதே என்று பொருள். பழைய டீக்கு இது தெரியாது. இன்னொரு சிக்கலும் இதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பைப்ஃபெயிலை இயக்கிவைத்தவர்களுக்கு, ஹெட்டின் நியாயமான வெளியேற்றமே தோல்வியாகத் தெரியும்; முடிவுநிலை 141 என்று வரும். 128உடன் சிக்பைப்பின் எண்ணான 13ஐக் கூட்டினால் கிடைப்பது அது. முதல் கோளாறுக்கான மருந்து இரண்டாவதில் பக்கவிளைவாகிறது.

மூன்றாவதில் பழி டீ மேல் விழும், குற்றம் வேறிடத்தில். ஒரு நிரலைத் தனியாக ஓட்டினால் வரி வரியாகத் திரையில் வருகிறது. டீயைச் சேர்த்தால் நெடுநேரம் ஒன்றும் வராமல் பிறகு மொத்தமாகக் கொட்டுகிறது. சி மொழியின் உள்ளீடு-வெளியீட்டு நூலகம், எதிரே முனையம் இருந்தால் ஒவ்வொரு வரிக்கும் அனுப்பும். பைப் இருந்தால் சில கிலோபைட் சேரும்வரை தன்னிடமே வைத்துக்கொள்ளும். நிரல் நடுவில் செயலிழந்தால் கடைசிச் சில கிலோபைட் அதனோடே போய்விடும். பிழை தேடுபவருக்குத் தேவைப்படுவதோ அந்தக் கடைசி வரிகள்தான். ‘கிரெப்’புக்கு வரிவாரியாக அனுப்பும் விருப்பம் இருக்கிறது, பைத்தானுக்கு ‘-யூ’, பொதுவாக ‘எஸ்டிடிபஃப்’ கட்டளை. இந்தக் கடைசிக் கருவி சி நூலகத்தின் தாங்கலை நம்பும் நிரல்களிடம் மட்டுமே செல்லுபடியாகும்.

பிழைச்செய்திகள் பைப்பில் போவதில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அவற்றையும் சேமிக்க விரும்புவோர் ‘|’ குறிக்கு முன்பே ‘2>&1’ என்று இணைத்துக்கொள்கிறார்கள்.

கிளைகளும் அவற்றின் பொறிகளும்

ஒரு கோப்பில் சேமிப்பதோடு ஆசை நிற்பதில்லை. சேமிக்கும்போதே சுருக்க வேண்டும், ஒரு கிளையில் எண்ண வேண்டும், இன்னொன்றில் வடிகட்ட வேண்டும். பாஷ், இசட்-ஷெல் இரண்டிலும் ‘>(…)’ என்று எழுதினால் ஒரு கட்டளையே கோப்பின் இடத்தில் உட்காரும். டீக்குக் கோப்புப் பெயருக்குப் பதிலாக ‘ஜீஜிப்’பைத் தரலாம், பத்து ஜிபி இடைநிலைத் தரவு நேராகச் சுருங்கிய வடிவில் வட்டுக்குப் போகும். இசட்-ஷெல்லில் ‘மல்ட்டியாஸ்’ என்ற வசதி டீ இல்லாமலே ஒரே வெளியீட்டைக் கோப்புக்கும் பைப்புக்கும் பிரித்துவிடும். இந்த வசதிகள் வருமுன் ‘எம்கேஃபிஃபோ’ கொண்டு பெயருள்ள பைப்பைக் கையால் செய்துவந்தார்கள். இப்போதும் பழைய ஷெல்லில் வேறு வழியில்லை.

அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்படிப் பிரித்துவிட்ட கட்டளைகள் முடியும்வரை பாஷ் காத்திருப்பதில்லை. முதன்மை வரிசை முடிந்ததும் அடுத்த வரிக்குப் போய்விடும். ஜீஜிப் இன்னும் எழுதிக்கொண்டிருக்கும். அடுத்த கட்டளை பாதிக் கோப்பைப் படிக்கும். கிளைகளின் தோல்வியையும் பைப்ஃபெயில் காணாது. தவிர, டீ எல்லாக் கிளைகளுக்கும் ஒரே சீராகத் தருவதால், மிக மெதுவான கிளையின் வேகமே எல்லோருக்கும் வாய்க்கும். பிரிந்த கிளைகளை மறுபடி ஓரிடத்தில் சேர்த்து, அவற்றில் ஒன்றை முழுக்கப் படித்த பிறகே மற்றதைத் தொடும் நிரல் அங்கே இருந்தால், 65,536 பைட் நிரம்பியதும் எல்லாமே உறைந்துபோகும். சிறிய தரவில் இதுவும் தெரியாது.

படித்துக்கொண்டிருக்கும் கோப்பிலேயே எழுதப்போவது வேறொரு பழைய பொறி. சார்ட்டின் விளைவை ‘>’ போட்டு அதே கோப்புக்குத் திருப்பினால், சார்ட் தொடங்குமுன்பே ஷெல் கோப்பைக் காலிசெய்துவிடும். ‘>’ குறிக்குப் பதில் டீ போட்டால் தப்பலாம் என்று நம்புவோர் உண்டு. தப்பலாம், சில நேரம். யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்தது. சார்ட்டுக்கென்றே ‘-ஓ’ விருப்பம் உள்ளது. மற்றவற்றுக்கு ஜோயி ஹெஸ் தொகுத்த ‘மோர்யூட்டில்ஸ்’ தொகுப்பின் ‘ஸ்பாஞ்ச்’: உள்ளே வருவது முழுவதையும் வாங்கிக்கொண்ட பிறகே கோப்பைத் திறக்கும்.

விண்டோஸ் பக்கம் பவர்ஷெல்லில் ‘டீ-ஆப்ஜெக்ட்’ இருக்கிறது. அங்கே ஓடுவது பொருள்கள் என்பதால் வசதிகள் அதிகம். ஆனால் 7.4 பதிப்புக்கு முன்புவரை, இரண்டு வெளி நிரல்களுக்கு இடையே போகும் பைட்டுகளையும் எழுத்துச்சரமாக மாற்றித்தான் கடத்தியது. சுருக்கிய கோப்பு அந்த வழியே போனால் கெட்டுத்தான் வெளியே வரும்.

தமிழ் நூலை உள்ளே விட்டால்

மெக்கில்ராயின் வரிசைக்குத் திரும்புவோம். மதுரைத் திட்டம் 1998 முதல் இலவசமாக வெளியிட்டுவரும் மின்னூல்களில் ஒன்றின் தமிழ்ப் பாடத்தை மட்டும் அதன் வாயில் கொடுத்தால் என்ன வரும்? ஒரே ஒரு வெற்று வரி, எண்ணிக்கை 1. முதல் டீஆர், ஆங்கில எழுத்தல்லாத அனைத்தையும் வரிமுறிவாக்கி ஒன்றாகச் சுருக்கிவிடுகிறது. ஆறு கட்டளைகளும் வெற்றி என்றே சொல்லும். பைப்ஃபெயிலும் வாய் திறக்காது. ‘எழுத்து’ என்ற பொதுவகுப்பைக் கொடுத்துப் பார்த்தாலும், நம் கணினிகளில் பரவலாக உள்ள ஜிஎன்யூ டீஆர் பைட் பைட்டாகவே பார்த்து வந்திருக்கிறது. யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட், ‘கி’ ஆறு பைட் என்பது அதற்குத் தெரியாது.

இவ்வளவு அப்பட்டமான தோல்வியைக் கண்டுகொள்ள டீ தேவையில்லை. ஆபத்து, பாதி சரியாக வரும் விடையில் இருக்கிறது. டீஆருக்குப் பதில் பைத்தானின் ரெகுலர் எக்ஸ்பிரஷன் கொண்டு ‘சொல் எழுத்து’களைப் பிடிக்கச் சொன்னால், உயிர்க்குறிகளையும் புள்ளியையும் அது எழுத்தாக ஏற்காது. ‘அம்மா’ என்பது ‘அம’, ‘ம’ என்று இரண்டாகும். நூல் பெரிதென்றால் பட்டியலின் உச்சியில் ‘க’, ‘த’, ‘ம’ போன்ற ஒற்றையெழுத்துகள் பெரிய எண்ணிக்கையோடு வந்து நிற்கும். பார்ப்பவர் அவற்றைக் குப்பை என்று வடிகட்டிவிட்டு மீதியை உண்மை என்று நம்புவார். சொல் பிரித்த இடத்தில் ஒரு டீ போட்டு நூறு வரி பார்த்திருந்தால் நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அடுத்த கட்டமும் அப்படியே. சார்ட் வெறும் பைட் வரிசையில் ஓடினால் யூனிகோடு அட்டவணையின் வரிசைதான் வரும்: ‘ந’வுக்கு அடுத்து ‘ன’, ‘ர’வுக்கு அடுத்து ‘ற’, ‘ல’வுக்கு அடுத்து ‘ள’, பிறகு ‘ழ’, அதன் பின்னரே ‘வ’. நெடுங்கணக்கு அதுவல்ல. எண்ணுவதற்கு இது கேடில்லை. ஒரே சொற்கள் அருகருகே வந்தால் யூனிக்குக்குப் போதும். ஆனால் இதே இடைக்கோப்பை எடுத்துச் சொல்லடைவாக அச்சிட்டால் தமிழ் தெரிந்தவர் சிரிப்பார். ஒரு கட்டத்தின் விளைவு அடுத்த கட்டத்துக்குப் போதுமானதாக இருப்பது வேறு, மனிதர் கையில் கொடுக்கத் தகுந்ததாக இருப்பது வேறு.

யூனிகோடுக்கு முந்தைய தகுதர (டிஸ்கி) குறியீட்டில் உள்ள பழைய கோப்புகளில் கவனம் இன்னும் முந்தைய கட்டத்துக்குப் போக வேண்டும். குறியீடு மாற்றும் ‘ஐகான்வ்’ கட்டளை டிஸ்கியை அறியும். யூனிகோடுக்கு மாற்றித் தரும். ‘-சி’ கொடுத்தால், மாற்ற முடியாத எழுத்துகளை அதுபாட்டுக்கு விட்டுவிட்டுப் போகும். அந்த இழப்பைப் பின்னால் எந்தக் கட்டமும் மீட்க முடியாது. மாற்றத்துக்கு முந்தைய மூலத்தை வைத்துக்கொள்ளாதவர் எத்தனை டீ போட்டும் பயனில்லை.

எந்த இடத்தில் வெட்டுவது

ஒவ்வொரு ‘|’ குறிக்கும் ஒரு டீ என்பது சோம்பேறியின் பாதுகாப்பு. ஆறு கட்டளைக்கு ஐந்து கோப்புகள் சேரும். எது எந்த ஓட்டத்தில் வந்தது என்பதே அடுத்த வாரம் விளங்காது.

என் கணிப்பில், வரிசை தானாகவே தேங்கும் இடம்தான் முதலில் பார்க்க வேண்டியது. சார்ட் கடைசி வரியை வாங்கும்வரை முதல் வரியை வெளியே விட முடியாது. கடைசியாக வருவதே அகர வரிசையில் முதலாவதாக இருக்கலாம். நினைவகம் போதாவிட்டால் தற்காலிகக் கோப்புகளை அதுவே வட்டில் எழுதிக்கொள்கிறது. ஆக, அங்கே ஓட்டம் ஏற்கெனவே நின்றுவிட்டது. சேமித்தால் பைப்பின் வேகத்தில் இழப்பு சொற்பம். அதிலும் சார்ட்டை ஒட்டி வைப்பதைவிட யூனிக்குக்குப் பிறகு வைப்பது மேல். நூல் முழுவதும் அங்கே சொல்லுக்கு ஒரு வரி என்று சுருங்கிவிட்டது. செலவு மிகுந்த வேலை முடிந்துவிட்டது. முதல் பத்தா முதல் ஆயிரமா என்ற முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை. பின்னால் மனம் மாறினால் அந்தக் கோப்பிலிருந்து தொடங்கலாம்.

சேமிக்கவே கூடாத இடங்களும் உண்டு. மரபணு ஆய்வில் ‘பிடபிள்யூஏ’ நிரலின் விளைவை ‘சாம்டூல்ஸ்’ வரிசைப்படுத்தலுக்கு நேராகப் பைப்பில் விடுவது வழக்கம். நடுவில் போவது உரை வடிவம். கடைசியில் வருவது அதே செய்தியின் சுருங்கிய இரும வடிவம். நடுவில் உள்ளதைச் சேமித்தால் வட்டுதான் நிறையும். புதிதாக ஒன்றும் தெரியவராது.

வேலை மணிக்கணக்கில் ஓடுவதானால் டீயை விட்டுவிட்டுக் கோப்புகளுக்கே திரும்புவது நல்லது. 1976இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய ‘மேக்’ இதைத்தான் செய்கிறது: எந்தக் கோப்பு எதிலிருந்து வந்தது என்று எழுதிவைத்தால், மாறியதற்குப் பின்னுள்ளதை மட்டும் மறுபடி ஓட்டும். ‘ஸ்னேக்மேக்’, ‘நெக்ஸ்ட்ஃப்ளோ’ போன்றவை அதே எண்ணத்தின் வாரிசுகள்; ஸ்னேக்மேக்கில் ‘தற்காலிகம்’ என்று குறித்த இடைக்கோப்பு, தேவை முடிந்ததும் தானே அழிக்கப்படும். இவற்றுக்கு எதிரி பாதிக் கோப்பு. நடுவில் மின்சாரம் போய் அரைகுறையாக நிற்கும் கோப்பைப் புதியது என்று நம்பி மேக் மேலே போய்விடும். வேறு பெயரில் எழுதி, முழுவதும் முடிந்த பின் உரிய பெயருக்கு மாற்றுவதே தற்காப்பு; ஒரே கோப்பமைப்புக்குள் பெயர்மாற்றம் நடந்தால் நடந்தது, இல்லையேல் இல்லை, பாதிநிலை கிடையாது.

கடைசியாக, இடைக்கோப்பும் தரவுதான். வாடிக்கையாளர் பெயர்ப்பட்டியல் மூன்றாவது கட்டத்தில் மறைக்கப்படுகிறது என்றால், இரண்டாவது கட்டத்தில் வைத்த டீ அதை மறைக்காமல் எழுதும். பொதுத் தற்காலிக அடைவில் வழக்கமான அனுமதிகளோடு எழுதினால், அதே கணினியில் கணக்குள்ள எவரும் படிக்கலாம். ‘எம்கேடெம்ப்’ உரியவர் மட்டும் படிக்கும் அனுமதியோடு கோப்பைத் தரும். வேலை முடிந்ததும் அழிக்க ஷெல்லின் ‘ட்ராப்’ உண்டு.

தமிழ் நூல்களின் சொல்லெண்ணிக்கையும் சொல்லடைவும் இன்று பலர் கைகளிலிருந்து வெளிவருகின்றன. பெரும்பாலும் கிடைப்பது இறுதிப் பட்டியல் மட்டுமே. அவற்றை வெளியிடுவோர், சொல் பிரித்தவுடன் கிடைத்த கோப்பையும், யூனிக்குக்குப் பிந்தைய முழு அட்டவணையையும், ஓட்டிய கட்டளை வரியையும் சேர்த்தே வெளியிட வேண்டும். சுருக்கினால் சில மெகாபைட்தான் வரும். பட்டியலில் ஐயம் எழுந்தால் வாசகரே சரிபார்த்துக்கொள்வார்.